ஆகாயத்தில் ஒட்டிய கறுப்பு டேப்

புதிதாக லைசன்ஸ் எடுத்தவனிடம் எதையும் கேட்டுவிடக் கூடாது. மழை வருமா என்று கேட்டால் மேகத்தில் எத்தனை வகை என்று ஆரம்பிப்பான். மோட்டார் சைக்கிள் லைசன்ஸுக்கே நம் ஆட்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். நான் எடுத்ததோ விமானம் ஓட்டும் லைசன்ஸ். அந்தக் காலத்தில் என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தே தாரிக் என்னும் ஆற்றிய டீ குடித்த அத்தனை பேரிடமும் இங்கே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். (பாதிப் பேர் இன்னும் என் போனை எடுப்பதில்லை.)

விமானம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். ஈப்போவில் எங்கள் பறக்கும் கிளப்பில் இருந்தது நான்கு பேர் நெருக்கி உட்காரும் ஒற்றை இஞ்சின் விமானம். அது போடும் சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரர் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாரும் காதை மூடும் ஹெட்செட் மாட்டிக்கொள்வோம். வாய்க்கு முன்னால் ஒரு குட்டி மைக் நீட்டிக்கொண்டிருக்கும். சும்மா பேசினால் விமானத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் கண்ட்ரோல் டவருக்கும், அந்த அலைவரிசையைத் திறந்து வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை நம் காதில் டவர் பேசுவது விழாது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. நான் பெரிய படிப்பு படித்திருந்தேன், அதுதான் சிக்கல்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. பெண் தர்ஷினி, ஈப்போவில் மருந்தாளுநர். எங்கள் இருவருக்குள் எல்லாம் முடிவாகியிருந்தது. அவளுடைய அப்பாவிடம்தான் எதுவும் முடிவாகவில்லை. கனகசபை ஐயா யாழ்ப்பாணத்து வழியில் வந்தவர், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நான் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பேரன். அதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அவர் எதையுமே சொன்னதில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால் "பார்ப்பம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. தர்ஷினிக்கோ மிரிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவள் கடல் தாண்டிப் போவதற்குள் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு 'சரி'யை வாங்காவிட்டால், என் காதல் அந்த 'பார்ப்ப'த்திலேயே ஊறிக் கெட்டுப்போகும் என்று எனக்குப் பயம்.

பயந்தவன் என்ன செய்வான்? காக்கா பிடிப்பான். அவர்கள் வீட்டுக்குப் போனபோது தர்ஷினியின் அம்மா ஒடியல் கூழ் வைத்துக் கொடுத்தார். பனங்கிழங்கு மாவும் நண்டும் மீனும் புளியும் உறைப்புமாக, யாழ்ப்பாணத்து ஆட்கள் கண்ணை மூடிக் குடிக்கும் சங்கதி. எனக்கு அந்த ஒடியல் மாவின் வாசனை முதல் வாயிலேயே ஆகவில்லை. ஆனால் "மாமி, இப்படி ஒரு ருசியை நான் பார்த்ததே இல்ல" என்றேன். (பொய் இல்லை. பார்த்ததே இல்லைதான்.) சந்தோஷத்தில் அவர் இரண்டாவது கோப்பையும் ஊற்றிவிட்டார். அதை எடுத்துக்கொண்டு காற்று வாங்கும் சாக்கில் வாசலுக்குப் போய், அங்கே தொட்டியில் தளதளவென்று நின்ற கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டேன். அடுத்த வாரம் போனபோது செடி செத்திருந்தது. மாமி அதற்குக் காரணம் தெரியாமல் வருந்தியபோது, நான் மண் சரியில்லை என்று ஒரு நிபுணர் கருத்தும் சொன்னேன்.

சரி, கூழ் குடித்தாயிற்று, அடுத்தது விமானம். குடும்பத்தோடு கிளப்புக்கு வாருங்கள், ஈப்போவை மேலிருந்து காட்டுகிறேன் என்று அழைத்தேன். மேலே போய் நம் திறமையைப் பார்த்தால் மனிதர் மயங்கிவிடுவார், இறங்கியதும் சூட்டோடு சூடாகப் பெண் கேட்டுவிடலாம் என்று கணக்கு. பெண் கேட்கத் தாய்மாமன் வேண்டுமே. அங்கேதான் கதைக்குள் என் மாமா வருகிறார்.

என் அம்மாவின் தம்பி, பெயர் சுப்ரமணியம். சுங்கை சிப்புட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மைக் மணியம் என்றால் நாய்கூட வழி காட்டும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் ஒலிபெருக்கி அவருடையது, அறிவிப்பும் அவருடையது. அவருடைய தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மண்டபத்தில் மைக்கை வாங்கும் ஒய்.பி. எனப்படும் சட்டமன்ற உறுப்பினர்களும் தலைவர்களும் பேசிக்கொண்டே கட்டைவிரலால் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். பிறகு சவுண்டு சரியில்லை என்று மேடையிலேயே மாமாவைத் திட்டுவார்கள். இப்படி ஒருமுறை ஊர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, யார் கையில் மைக்கைக் கொடுத்தாலும் ஸ்விட்சைத் திறந்துவைத்து, அதன்மேல் கறுப்பு டேப் சுற்றித்தான் கொடுப்பார். அதனால் மற்றவர்கள் சட்டைப்பையில் சீப்பு வைப்பதுபோல் அவர் ஒரு டேப் சுருள் வைத்திருப்பார். சின்ன வயதில் நானே அவருக்கு எத்தனையோ மைக்கில் டேப் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்த விவரத்தை நான் அன்று காலையில் ஞாபகம் வைத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் கிளப்புக்கு வந்து சேர்ந்தார்கள். கனகசபை ஐயா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில், காத்திருக்கும் அறை நாற்காலியில் உட்கார்ந்தார். மாமி ஒரு பிளாஸ்க் கொண்டுவந்திருந்தார். (அதற்குள் என்ன இருந்தது என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.) முதல் சுற்றில் ஐயாவை ஏற்றலாம் என்றேன். மாமாவின் முகம் மாறிவிட்டது. தாய்மாமனைக் கீழே நிறுத்திவிட்டு இன்னும் சம்பந்தியே ஆகாதவரை மேலே ஏற்றுவது எந்த ஊர் முறை என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். மாப்பிள்ளைக்கு மாலை போடுவதிலிருந்து காதுகுத்தில் மடியில் உட்கார வைப்பது வரை எங்கள் வீட்டில் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை. அதனால் முதல் சுற்று மாமாவுக்கு, இரண்டாவது சுற்று ஐயாவுக்கு என்று முடிவானது. ஐயாவிடம் சொன்னேன். "பார்ப்பம்" என்றார்.

கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் கேப்டன் லிம், காத்திருக்கும் குடும்பத்தார் பொழுதுபோக்காகக் கேட்கட்டும் என்று டவர் பேச்சு வரும் ஸ்பீக்கர் ஒன்றை அந்த அறையில் வைத்திருந்தார். அதன் சத்தம் குறைவாக இருந்தது. நான் டவரோடு ஆங்கிலத்தில் கம்பீரமாகப் பேசுவது மாமனார் காதில் விழ வேண்டாமா? நானே போய்ச் சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டு வந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு சிரத்தையாக வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

விமானத்தில் மாமாவை வலது சீட்டில் உட்கார வைத்தேன். அவர் முன்னாலும் எனக்கு இருப்பதுபோலவே ஒரு கைப்பிடி, அதிலும் ஒரு பேசும் பொத்தான். எதையும் தொடக் கூடாது என்று சொன்னேன். தலையாட்டினார். ஹெட்செட் மைக்கை உதட்டில் ஒட்டினாற்போல் வைக்க வேண்டும், அப்போதுதான் இஞ்சின் சத்தம் உள்ளே வராது என்றேன். அதற்கு மட்டும் அவர் தலையாட்டவில்லை.

"மைக்கை வாயில முட்டிக்கிட்டுப் பேசுறவன் தொழில் தெரியாதவன்லா" என்று சொல்லி அதைத் தாடைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

நான் விடவில்லை, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மைக் தள்ளி இருப்பதால் இஞ்சின் சத்தம் காதில் கொட்டியது. நடுவில் இருக்கும் பெட்டியில் ஸ்கெல்ச் என்று ஒரு திருகு உண்டு. யாரும் பேசாதபோது மைக்குகளைத் தானாக மூடிவைக்கும், குரல் வந்தால் திறந்துவிடும். இஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொருவரையும் ஒரு வாக்கியம் பேசவைத்து, திருகை மெதுவாக, இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் திருப்பு என்று கேப்டன் லிம் சொல்லிக்கொடுத்திருந்தார். அது மற்றவர்களுக்கான முறை. நான் இணையத்தில் வீடியோ பார்த்துக் கற்றவன் அல்லவா, ஒரே திருப்பாகக் கடைசி வரை திருப்பினேன். இரைச்சல் நின்றது. 'பார்த்தீர்களா' என்பதுபோல் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

டவர் அனுமதி கொடுத்தது, மேலே கிளம்பினோம். தம்புன் பக்கத்துச் சுண்ணாம்பு மலைகளைத் தாண்டும் வரை எல்லாம் அருமை. மாமா ஏதோ பேசினார். 'டேய்... லா... ட்ட... லை' என்று துண்டு துண்டாக வந்தது. நான் திருப்பிய திருப்பில் அவர் குரலுக்கே மைக் திறக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் ஊருக்குக் கேட்கப் பேசிய மனிதருக்குத் தன் குரல் தன் காதிலேயே வெட்டுப்படுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். அவர் யோசித்தார். கண்ணெதிரே பொத்தான் இருந்தது. நான் இடது பக்க ஜன்னலில் வேறு விமானம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அதை அழுத்திப் பேசியிருக்கிறார். குரல் மணி மணியாகக் கேட்டிருக்கிறது. பிறகென்ன, தொழில் சட்டப்படி சட்டைப்பையிலிருந்து டேப் வந்தது.

"ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு ரெண்டு மூணு" என்று என் காதில் தெளிவாக விழுந்தபோது, என் ஸ்கெல்ச் வேலை செய்துவிட்டது என்று நினைத்து நான் பூரித்துப்போனேன். ரேடியோவில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நாம் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கான விளக்கு அது. நல்ல அழகாக எரிகிறது என்று மட்டும் நினைத்தேன். டவரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதானே, அமைதியாக இருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமாவின் பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் மாமாவின் மைக் மட்டும்தான் வெளியே போகும். நான் பேசியது ஒரு சொல்கூட ஈப்போவில் யாருக்கும் கேட்கவில்லை. அதில் எனக்கு ஆறுதல் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் மைக் இல்லாதவர் யாராவது ஏதாவது சொன்னால், பின்வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று அதை வாங்கித் தன் மைக்கில் திருப்பிச் சொல்லிவிடுவார். அன்றும் என் ஒவ்வொரு பேச்சையும் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சுங்கை சிப்புட் மேல் வந்ததும் மாமாவுக்குத் தன் சவுண்டு கடையின் தகரக் கூரை தெரிந்துவிட்டது. உடனே திருவிழாக் குரலில், கல்யாணம், காதுகுத்து, சாமி ஊர்வலம் எதற்கும் அணுகலாம் என்று கடையின் புகழை எடுத்துவிட்டார். நான் சிரித்தேன். பிறகு பேச்சு பெண் வீட்டுக்குத் திரும்பியது. இன்றைக்கு அந்த அம்மாள் பிளாஸ்க்கில் கூழ் கொண்டுவந்திருக்கிறார், என்னைக் காப்பாற்றுங்கள் மாமா என்றேன்.

"என்னாது, கூழு வாய்ல வைக்க முடியலையா? ரெண்டு கோப்பை குடிச்சேன்னு சொன்ன?"

சொன்னேன்.

"கருவேப்பிலைச் செடிக்கு ஊத்துனியா? அட பாவி, செடி செத்துப்போச்சா?"

மாமனார் எப்படி என்று அடுத்து கேட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, என்ன கேட்டாலும் பார்ப்பம் பார்ப்பம்தான் என்றேன். மாமாவுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. "பார்ப்பம்" என்று மூக்கால் ஒருமுறை, அடித்தொண்டையால் ஒருமுறை, ஓய்வுபெற்ற அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொல்வதுபோல் ஒருமுறை என்று சொல்லிப் பார்த்தார். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பெண் கேட்கும்போது என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அறிவிப்பாளர் குரலில் ஒத்திகை பார்த்தார்.

"பெருமதிப்பிற்குரிய கனகசபை ஐயா அவர்களே. எங்க பையன் பாலாவுக்குக் கொஞ்சம் மண்டக்கனம். படிச்ச திமிரு. பொய்யும் சொல்லுவான். ஆனா சத்தியமா சொல்றேன், அவன் பொய்யி ரெண்டு நாளைக்குத் தாங்காது. அவனே எங்கயாச்சும் ஒளறி மாட்டிக்குவான். சின்னப் புள்ளையிலேருந்து பாக்குறேன். பொண்ணு இவன்கிட்ட நிம்மதியா இருக்கும். இவனுக்கும் அது இல்லாம ஆவாதுங்க."

மண்டக்கனம் என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. கடைசி வரியில் கோபம் போய்விட்டது. முதல் பாதியை வெட்டிவிடுங்கள் மாமா, அதை யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பையில் இருந்த என் போன் அதிர்ந்தது. விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் யார் என்று பாருங்கள் என்று அதை மாமாவிடம் நீட்டினேன். அவர் கையைத் தூர நீட்டி, கண்ணைச் சுருக்கி, பின்வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"தர்ஷினி போட்டிருக்கு. 'எல்லாம் கேக்குது. அப்பாவுக்கும் கேக்குது. அம்மா எழும்பி வெளியில போயிட்டா.'"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ரேடியோவில் எரியும் அந்த அழகான விளக்கைப் பார்த்தேன். விளக்கிலிருந்து மாமாவின் கைப்பிடியைப் பார்த்தேன். பொத்தான் மேல் பளபளவென்று கறுப்பு டேப், அவருடைய முத்திரை மடிப்போடு, மூன்று சுற்று. அந்த நேரத்தில் இஞ்சின் நின்றுபோயிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

டேப்பை மாமா பிரிப்பதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆனது. நல்ல டேப்பாகத்தான் வாங்குவார். பிரிந்ததும் காதில் டவர் வந்தது. அங்கிருந்த பெண் அதிகாரி மிக மரியாதையாக, இப்போது தெளிவாகக் கேட்கிறது, இதுவரையிலும் தெளிவாகத்தான் கேட்டது என்றார். இத்தனை நேரமும் அவர்கள் மற்ற விமானங்களை வேறு அலைவரிசைக்கு மாற்றிவிட்டுப் பாடுபட்டிருக்கிறார்கள். நான் ஆங்கிலத்தில் கம்பீரமாக மன்னிப்புக் கேட்டேன். கம்பீரம் என்பது அன்று அதற்குத்தான் பயன்பட்டது.

திரும்பும் வழியெல்லாம் மாமா டேப்பை உருண்டையாக உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இறங்கும்போது மட்டும், பொத்தானை அழுத்தாமல், மைக்கை உதட்டோடு ஒட்டிக்கொண்டு, "என்னால உன் கல்யாணம் கெட்டுப்போச்சாடா?" என்று கேட்டார். இல்லை மாமா, என் வாயால் என்றேன். எனக்கு அழுகை வந்தது.

அறைக்குள் நுழைந்தபோது முதலில் வந்தவர் கேப்டன் லிம். ரேடியோ பாடத்தை அரிச்சுவடியிலிருந்து திரும்பப் படித்துத் தேறும் வரை விமானத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினார். நியாயம்தான். முடித்துவிட்டுப் போகும்போது என் தோளில் தட்டி, சுத்தமான தமிழில், "நண்டு போட்ட கூழு நல்லாத்தான்லா இருக்கும், பாலா" என்றார். அவரும் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

தர்ஷினி என்னைப் பார்க்கவில்லை. மாமி கதவருகே பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கனகசபை ஐயா எழுந்து வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டாவது சுற்று போவோமா என்று கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. மாமாதான் கையெடுத்துக் கும்பிட்டு, பெண் கேட்க வந்தோம், எல்லாவற்றையும் மேலேயே சொல்லித் தொலைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமா மேலே நடித்துக் காட்டிய அதே மாதிரி.

"உங்கட மருமகன் பொய் சொல்லுறார்" என்றார். "ஆனா பிடிபடாமச் சொல்லத் தெரியேல்லை. நான் உத்தியோகத்தில எத்தனையோ பேரைப் பாத்தனான். பிடிபடாமச் சொல்லுறவங்கள்தான் ஆபத்தானவங்கள். நாளைக்கு இவர் என்ர பிள்ளைக்கு ஒரு பொய் சொன்னாலும், ஊர் முழுக்க மைக் போட்டு அறிவிக்க நீங்கள் இருக்கிறீங்கள். எனக்கு அது காணும்."

காணும் என்றால் போதும் என்றுதானே, அப்படியென்றால் சரியா என்று மாமா கேட்டார். ஐயா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அதுதான் அவருடைய சிரிப்பு என்று தர்ஷினி பிறகு விளக்கினாள்.

"பார்ப்பம் எண்டு சொல்ல ஏலாமப் பண்ணிப்போட்டீங்களே" என்றார்.

கல்யாணம் ஈப்போவில் நடந்தது. ஒலிபெருக்கி யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. மாமனார் நன்றியுரைக்கு மைக்கை வாங்கியதும் டேப் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். தர்ஷினி மிரிக்குப் போய், நானும் பின்னாலேயே போய், இரண்டு பேரும் திரும்பியும் வந்துவிட்டோம். விமானமும் ஓட்டுகிறேன். ஸ்கெல்ச் திருகை இப்போது மெதுவாகத்தான் திருப்புகிறேன்.

மாமி மட்டும் அந்த விஷயத்தைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாசலில் புதிய கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறார், அதைச் சுற்றிக் கம்பி வேலியும் போட்டிருக்கிறார். நான் போகும்போதெல்லாம் கூழ் வைக்கிறார். இரண்டு கோப்பை. இரண்டாவதைக் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். "அருமை மாமி" என்பேன். அவர் சாப்பாட்டு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு கறுப்பு டேப் சுருளை எடுத்து என் முன்னால் வைப்பார்.

"இதைச் சுத்திக்கொண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்பார்.